அண்ணன் வாங்கிய ஐஸ் பெட்டி

எங்கள் அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பெட்டிக் கதையை விட்டுவிட்டு எழுது என்று இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். பெட்டியை விட்டால் அண்ணனில் பாதி போய்விடும். அதனால் எழுதத்தான் போகிறேன்.

அண்ணன் இலத்தூரில் நெல் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா தவறியபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அண்ணன் போலீஸ் வேலையில் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தார், கல்யாணம் செய்து கொடுத்தார். குற்றாலத்தில் இருந்த காலத்தில், அருவியில் விழுந்து இறந்தவர்களின் உடலுக்கு உறவுக்காரர்கள் வரும்வரை காவல் நிற்பது பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். மற்றவர்கள் தள்ளி நிற்பார்கள். அண்ணன் பக்கத்திலேயே நிற்பார். "தனியா கிடக்காவ, விட்டுட்டு எப்படிப் போவ?" என்பார்.

ஓய்வு பெற்றதும் ஊரில் மண்ணில்லா விவசாயம் தொடங்கினார். குழாய்களில் சத்துநீர் ஓடும். அதில் வேர் நனைய லெட்டூஸ் கீரையும் புதினாவும் வளரும். குற்றாலத்து ஹோட்டல்கள் வாங்கிக்கொள்ளும். எல்லாம் பங்குனி வரைதான். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் வெந்நீராகிவிடும். சூட்டில் வேருக்கு மூச்சு முட்டும். பழுப்பேறி, வழுவழுத்து அழுகும். அண்ணன் தொட்டிக்கு வெள்ளையடித்தார், ஈரச் சாக்கு சுற்றினார், பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துப் போட்டார். மண்ணுக்குள் புதைக்கலாமென்று தோண்டினால் முழங்கால் ஆழத்திலேயே பாறை. இதற்கென்று விற்கும் குளிரூட்டும் இயந்திரமோ ஓய்வூதியக்காரருக்கு எட்டாக்கனி.

அப்போதுதான் தென்காசியில், பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடும் கடையில், ஒரு பழைய ஐஸ் பெட்டியைப் பார்த்தார். சாவு வீட்டில் உடலை வைப்பார்களே, அதே பெட்டிதான். புதியது வந்துவிட்டதால் மூலையில் கிடந்தது.

கடைக்காரர் பதறிவிட்டார். "அண்ணாச்சி, ஆள் கிடந்த பெட்டில்லா அது!"

"ஆஸ்பத்திரிக் கட்டில்லயுந்தான் ஆள் கிடந்திருக்கு. நாம படுக்கலையா?" என்று அண்ணன் அதை டெம்போவில் ஏற்றிவிட்டார்.

உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, தொட்டிக்குப் பதில் அதில் சத்துநீரை நிரப்பினார். கனத்த சுவர், இறுக்கமான மூடி. உச்சி வெயிலில் மட்டும் ஓடவிட்டால் போதும், மறுநாள் காலை வரை குளிர் தங்கும். வேர்கள் வெள்ளைவெளேரென்று இறங்கின. கரண்டு பில் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தியது பெட்டிதான்.

வெளிச்சம் பட்டால் நீரில் பாசி பிடிக்குமென்று கண்ணாடி மூடிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார். தலைமாட்டுப் பக்கம் மட்டும் அது நிற்காது. ஒரு முகத்தின் அளவுக்கு உரிந்துவிடும். மறுபடி அடிப்பார், அதே இடத்தில் மறுபடி உரியும். கண்ணாடி வேர்ப்பதால்தான் என்று அண்ணன் காரணம் சொன்னார். ஆனால் கண்ணாடி முழுவதும்தான் வேர்த்தது. தோட்டத்தில் வேலை பார்க்கும் செல்லம் பொழுது சாய்ந்தால் பெட்டிப் பக்கம் போகவே மாட்டாள்.

"உள்ள யாரோ புரண்டு படுக்க மாதிரி கேக்குது, அண்ணாச்சி."

"ஏட்டி, அது மோட்டர் சத்தம்."

"மோட்டர் ஓடலையே அண்ணாச்சி."

நானும் ஒருநாள் அந்த உரிந்த இடத்தின் வழியே எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கடியில் என் முகம் கிடந்தது. அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு கத்திரி வெயிலில், ஒரு காலை, அண்ணன் பெட்டியைக் காலி செய்து, விரிப்பையும் எடுத்துவிட்டு, கழுவித் துடைத்துக் காயவைத்தார். அது கழுவுகிற நாளே இல்லை என்று செல்லம் இன்றும் சொல்கிறாள். மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

ஒரே மகள் சுபா அப்போது ஜெர்மனியில் இருந்தாள். வந்து சேர இரண்டு நாளாகும். அப்பா முகத்தைப் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள் என்று போனில் கதறினாள். அந்த வெயிலில் உடல் அரைநாள் தாங்காது. கடைக்காரரிடம் இருந்த பெட்டிகளெல்லாம் வெளியே போயிருந்தன. பாவூர்சத்திரம், வாசுதேவநல்லூர் என்று எல்லா இடத்திலும் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. கடைசியில் அண்ணன் மனைவியான என் மதினியிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அக்கா, அண்ணாச்சி தோட்டத்துல இருக்கது ஒண்ணுதான் இருக்கு."

மதினிதான் சொன்னார்: "அவுகளே கழுவி வச்சிருக்காவ. கொண்டுட்டு வாங்க."

பெயிண்டைச் சுரண்ட நேரமில்லை. மூடியை வைத்ததும், அந்த உரிந்த இடத்தில் அண்ணனின் முகம் மட்டும் அளவெடுத்தாற்போலத் தெரிந்தது. இத்தனை நாளும் அந்தப் பெட்டி யாருக்காக இடம் விட்டு வைத்திருந்தது என்று அன்று நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன்.

சுபா வந்தாள். மூடியைத் திறக்கச் சொல்லி, அப்பாவின் நெற்றியில் கை வைத்தாள். நாங்களாக விலக்கும்வரை எடுக்கவில்லை.

அன்று பெட்டியைச் சுமந்து வந்த இலத்தூர்ப் பிள்ளைகளுக்கும், கடைக்காரருக்கும், இரண்டு நாளும் கரண்டு நிற்காமல் பார்த்துக்கொண்ட லைன்மேன் தம்பிக்கும், செல்லத்துக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. அண்ணனுக்கு முன் அந்தப் பெட்டியில் படுத்திருந்த, பெயர் தெரியாத எல்லோருக்கும் எங்கள் நன்றி.

குளிர் இல்லாத அந்த நாட்களில் செடிகளெல்லாம் அழுகிப்போயின. சுபா திரும்பிப் போகாமல் புதிதாக நாற்று வைத்தாள். பெட்டி வேண்டாமென்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. சென்ற மாதம் உச்சி வெயிலில் நான் தோட்டத்துக்குப் போனபோது, மூடியைத் திறந்து, முழங்கை வரை கையைச் சத்துநீருக்குள் விட்டபடி நின்றிருந்தாள்.

"சூடு பாக்கியாட்டி?" என்று கேட்டேன்.

"இல்ல அத்த. நீங்களும் கையை விடுங்க. அப்பா நெத்தி இப்படித்தான் இருந்துச்சு."

கையை விட்டேன். அப்படித்தான் இருந்தது.