காத்திருப்பில் இருந்த ப்ளவுஸ்கள்

தேக்கா மார்க்கெட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு கடைவீட்டின் மாடியில் அந்தத் தையல் கடை இருக்கிறது. நடத்துகிற அக்கா சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். ப்ளவுஸ்தான் பிரதானம். நான் வேலை பார்க்கும் சிறிய கம்பெனியைத் தேடி அவர் வந்ததற்குக் காரணம், அவருடைய இணையதளம் சூதாட்டப் பக்கமாக மாறிப்போனதுதான். கடைப் பெயரைத் தட்டினால் ஒரு நொடி ப்ளவுஸ் தெரியும். அடுத்த நொடி சீட்டுக்கட்டு சுழலும்.

"அக்கா, கசினோ தொறந்துட்டீங்களான்னு கேக்குறாங்க தம்பி. என் வீட்டுக்காரர் வேற, லாபத்துல எனக்கும் பங்கு உண்டான்னு கிண்டல் பண்றாரு" என்றார்.

பழைய தளம், நாமே உள்ளே நுழைந்து பதிவு போடுகிற வகை மென்பொருளில் இருந்தது. யாராவது பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அது தரவுத்தளத்தில் தேடி எடுத்து, பக்கத்தை அந்த நேரத்தில் கட்டித் தரும். அதோடு ஒட்டவைத்த துணை மென்பொருள்கள் ஏராளம். வருடக்கணக்காக யாரும் புதுப்பிக்காத ஏதோ ஒன்றின் வழியாகத் திருடன் நுழைந்திருந்தான். இருந்தவையோ மொத்தம் ஐந்து பக்கங்கள். அவற்றை முன்பே எழுதி முடித்த வெறும் கோப்புகளாக வைத்துவிடலாம், உடைத்துக்கொண்டு நுழைய உள்ளே எதுவும் இருக்காது என்று நான் சொன்னேன். முதலாளி ஒப்புக்கொண்டார். கம்பெனியில் நான் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை அது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கருத்து எழுதும் பெட்டி ஒன்று இருந்தது. வெளியே ஒரு கருத்துகூடத் தெரியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், அனுமதிக்காகக் காத்திருந்தவை பல ஆயிரம். முதல் மூன்று திரை பார்த்தேன். எல்லாம் சூதாட்டம், மாத்திரை, போலிக் கைக்கடிகாரம். குப்பை என்று முடிவு செய்தேன். பக்கங்களை அப்படியே பிரதி எடுத்தபோது அந்தப் பெட்டியும் சேர்ந்து வந்தது. எடுத்தால் அந்த இடம் வெறிச்சென்று இருக்குமே என்று விட்டுவிட்டேன். தவறான முகவரிக்குப் போகிறவர்களுக்குப் பிழைச் செய்தி வராமல் முதல் பக்கமே வரட்டும் என்றும் ஏற்பாடு செய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது புதிய தளம் இணையத்தில் ஏறியது. கண் இமைப்பதற்குள் திறந்தது. "இனிமே நீங்க உள்ள போய் எதுவும் பாக்க வேணாங்க்கா. எல்லாம் தானா நடக்கும்" என்று அக்காவிடம் சொன்னேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் சொல்லியிருக்கவே கூடாது.

பத்தாவது நாள், தீபாவளிக் காலத்துக்கான கடை நேரத்தைப் பக்கத்தில் மாற்றுவதற்காகக் கடைக்குப் போயிருந்தேன். அக்கா குழந்தைகளின் நடன உடைகளை வெட்டிக்கொண்டிருந்தார். "இந்த வருஷம் ரொம்ப ஸ்லோ தம்பி. எல்லாரும் ரெடிமேட் வாங்குறாங்க போல. அதான் டான்ஸ் கிளாஸ் ஆர்டர் வந்ததும் எடுத்துட்டேன், முப்பது செட்" என்றார்.

அப்போது ஈசூனிலிருந்து ஒரு அம்மா, கையில் துணிப்பையோடு மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"மூணு ப்ளவுஸ், அக்கா. பழைய அளவுதான். கை மட்டும் அரை இன்ச் லூஸ்."

"மூணா? இப்ப வந்து கேக்குறியே மா. மெஷின் ஃபுல்லு."

"போன வாரமே எழுதிப் போட்டேனே லா! எப்பவும் போல உங்க வெப்சைட்லதான்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மா எடுத்து நீட்டிய போனைப் பார்த்தேன். திரையில் அதே பெட்டி.

அக்காவின் வழக்கம் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. பழைய வாடிக்கையாளர்கள் தீபாவளிக்கு இடம் பிடிக்க அந்தப் பெட்டியில்தான் எழுதுவார்கள். எத்தனை ப்ளவுஸ், என்ன மாற்றம் என்று எழுதிவிட்டு, துணியைப் பிறகு கொண்டுவந்து தருவார்கள். காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அக்கா போனில் குப்பைகளுக்கு நடுவே அவற்றைத் தேடிப் படிப்பார். ஒன்றைக்கூட அனுமதித்ததில்லை.

"பொம்பளைங்க இடுப்பு அளவு, மார்பு அளவெல்லாம் ஊரே பாக்குற மாதிரி போட முடியுமா?" என்றார். "பெண்டிங்லயே கிடக்கட்டும்னு விட்டுருவேன். அதான் என் ஆர்டர் புக்."

"பத்து நாளா எதுவும் வரலையேன்னு என்னைக் கேட்டிருக்கலாமேக்கா."

"நீதானே உள்ள போக வேணாம்னு சொன்னே? வந்தா தானா வரும்னு இருந்தேன்."

எழுதியது திரையில் தோன்றாததும் அவர்களுக்குப் புதிதல்ல. இத்தனை வருடமும் தோன்றியதில்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அனுப்பு என்பதை அழுத்தினார்கள், அது போய்ச் சேர வேண்டிய முகவரியே இப்போது இல்லாததால் என் ஏற்பாட்டின்படி முதல் பக்கம் வந்தது, போய்ச் சேர்ந்தது என்று நம்பிப் போனை மூடினார்கள். அந்தப் பத்து நாளில் எழுதியவை எங்கேயும் சேமிக்கப்படவில்லை. எத்தனை பேர், யார் யார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அவர்கள் எல்லோரும் இனித் துணியோடு அந்தப் படிகளில் ஏறி வருவார்கள். மெஷினில் நடன உடைகள் நிறைந்திருந்தன.

பழைய மென்பொருளின் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அக்காவால் சரிபார்க்க முடியாது.

"என் தப்புதான்கா" என்றேன். "பெட்டி படமா மட்டும் இருக்கு. பின்னாடி வாங்கிக்க ஆள் இல்ல."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். திட்டவில்லை. "ஆள் இல்லாத கடைக்கு எதுக்குப்பா கதவு வச்சே?" என்று மட்டும் கேட்டார்.

முதலாளிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். சரிசெய்து முடித்துவிட்டு வா என்றார். பழைய தளத்தை முழுதாக நகல் எடுத்து வைத்திருந்தேன். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்திருந்தேன். போன தீபாவளிக்கு எழுதியவர்கள் இந்த வருடமும் எழுதியிருக்கலாம் என்பதால், குப்பைக்குள் அவர்களைத் தேடினோம். நான் திரையை உருட்ட, அக்கா ஒரு துண்டு அட்டையைப் பாதித் திரையில் பிடித்துக்கொண்டார்.

"நீ பேரை மட்டும் படி. அளவெல்லாம் உனக்கு எதுக்கு?"

பெயர் என்னிடமிருந்து, நம்பர் அவருடைய அளவு நோட்டிலிருந்து. அன்று மாலைவரை ஒவ்வொருவராக அழைத்தார்.

"ஹலோ, ப்ளவுஸ் அக்கா பேசுறேன் மா. இந்த வருஷம் எழுதிப் போட்டியா? இல்ல இல்ல, கம்ப்யூட்டர் தின்னுடுச்சு." போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டர்னு சொல்லியிருக்கேன். உன்னைக் காட்டிக் கொடுக்கல."

பதினாறு பேர் எழுதியிருந்தார்கள். நடன உடைகளில் பாதியை, ஜூரோங்கில் வீட்டிலிருந்தே தைக்கும் ஒரு தோழிக்கு மாற்றிக் கொடுத்தார். அதில் அவருக்கு எதுவும் மிஞ்சவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படியும் மூன்று பேருக்கு இடமில்லை. ஒருவர் போனிலேயே கோபித்துக்கொண்டார். இன்றுவரை திரும்ப வரவில்லை என்று அக்கா சொல்கிறார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சின்ன வயதில் பேங்கில் அம்மாவுக்கு நான்தான் ஃபாரம் நிரப்புவேன். நான் எழுதியதை அம்மாவால் படிக்க முடியாது. அதனால் கவுண்டரில் இருப்பவர் 'வாங்கிக்கிட்டேன்மா' என்று வாயால் சொல்லும்வரை அம்மா அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கு அவமானமாக இருக்கும், கையைப் பிடித்து இழுப்பேன். படித்து வந்து நான் செய்து வைத்த கவுண்டரில் ஆளே இல்லை.

பக்கங்கள் இப்போதும் வெறும் கோப்புகள்தான். பெட்டியை மட்டும் மாற்றினேன். எழுதுவது நேராக அக்காவின் போனுக்குப் போகும், வேறு யார் கண்ணிலும் படாது. போய்ச் சேர்ந்த பிறகுதான் 'உங்கள் ஆர்டர் அக்காவுக்குக் கிடைத்துவிட்டது' என்ற வரி திரையில் வரும். சேராவிட்டால், நேரடியாக அழையுங்கள் என்று கடை நம்பர் வரும்.

அதைப் பொருத்திய அன்று ஒரு பெண் அளவு கொடுக்க வந்திருந்தார். அந்த நேரத்தில் ஆண்கள் உள்ளே நிற்கக் கூடாது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து பெட்டியில் 'டெஸ்ட்' என்று எழுதி அழுத்தினேன். அந்த வரி வந்தது. ஆனாலும் எழுந்திருக்காமல் காத்திருந்தேன்.

உள்ளே அக்காவின் போன் ஒலித்தது. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வந்துடுச்சு தம்பி! ஆனா தீபாவளிக்கு இடம் இல்ல. பொங்கலுக்கு வேணா தைச்சுத் தரேன், அளவு யாரோடது?"