கண்ணாடிக்கடை அண்ணாச்சிக்குக் கொடுத்த வாக்கு

கண்ணாடிக்கடை அண்ணாச்சி இன்று காலையில் இறந்துவிட்டார்.

வாட்ஸ்அப் முழுக்க மெழுகுவர்த்தியும் கும்பிடுமாக வந்துகொண்டே இருக்கிறது. "எங்க தெருவோட கண் டாக்டர்" என்று ஒரு தம்பி ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

அவர் டாக்டர் இல்லை. மூக்குக்கண்ணாடி விற்றவர்.

ஆனால் எங்கள் பக்கத்துத் தோணிக்காரர்களுக்குக் கண்ணில் தூசி விழுந்தாலும் அவர்தான். தோணி முதலாளிமார்களும் அப்படியே. வயதானவரைக் கடலுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று அவரைத்தான் கேட்பார்கள். கடைப்படியில் நிறுத்தி, எதிர்க்கடை போர்டை வாசிக்கச் சொல்வார். அவர் தலையாட்டினால் போதும்.

என் அப்பா தோணியில் தண்டல். மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போகிற தோணிக்கு அவர்தான் தலைவர். இருட்டில் விளக்குகளை மட்டும் பார்த்துத் துறைமுகத்துக்குள் தோணியைக் கொண்டுவந்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கண்ணில் புரை விழுந்ததும் லேசர் ஆபரேஷன் செய்துகொண்டார். நன்றாகவே தெரிந்தது. அண்ணாச்சிக்குத்தான் பொறுக்கவில்லை... லேசர் செய்துகொண்டவன் கண்ணாடி வாங்க எதற்கு வரப்போகிறான்?

"லேசர்ல சுட்ட கண்ணு நிக்காது, பாத்துக்கிடும். ரெண்டு மூணு வருசத்துல மூடிரும்" என்றார்.

சொல்லிவைத்த மாதிரி, கொஞ்ச வருஷத்தில் அப்பாவுக்குப் பார்வை மங்கியது. "கண்ணுக்கு முன்னால கொசுவலை கட்டுனாப்புல இருக்குளா" என்றார் என்னிடம்.

அண்ணாச்சி அன்றைக்கே முதலாளியைக் கடைக்கு வரவழைத்தார். அப்பாவைப் படியில் நிறுத்திவைத்துக்கொண்டே சொன்னார்: "நான் சொன்னேம்லா? இனி இவரு கையில தோணியக் குடுக்காதிய."

அவ்வளவுதான். அடுத்த நடைக்கு வேறு தண்டல் போனார். அப்பா குடோன் வாட்ச்மேன் ஆனார்.

போன கண் போனதுதான் என்று நாங்களும் நம்பினோம். ஒருநாள் மனசு கேட்காமல் அப்பாவைத் திருநெல்வேலிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். புரை திரும்ப வராதாம். உள்ளே வைத்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய தோல் சிலருக்கு நாளடைவில் மங்குமாம். லேசரில் செய்தாலும் வரும், கத்தியில் செய்தாலும் வரும். மெஷினுக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, இன்னொரு லேசரால் அதில் வழி திறந்துவிட்டார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ் போர்டாக அப்பா வாசித்துக்கொண்டு வந்தார்.

"ஏளா... இதுக்கா நான் கரையில கெடந்தேன்?"

தோணியைத் திரும்பக் கேட்டுப் போனபோது முதலாளி மசியவில்லை. "திரும்ப மூடிரும்னு அண்ணாச்சி சொல்லுதாரே..."

மூடவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றுவரை மூடவில்லை. நல்ல கண்ணை வைத்துக்கொண்டு, குடோன் வாசலில் உட்கார்ந்து, அடுத்தவர் தோணி வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா. அப்போதும் "அவரு நல்லதுக்குத்தான் சொன்னாரு" என்பார். எனக்கு ஆத்திரமாக வரும்.

இனிமேல்தான் விஷயமே...

சில வருஷம் கழித்து மாமியாரை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் பச்சை அங்கி போட்டு, புருவத்துக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி, சொட்டுமருந்து விட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வரிசையில் அண்ணாச்சி.

பக்கத்தில் அவர் வீட்டுக்கார அக்கா. "என்ன ஆபரேஷன்க்கா?" என்று கேட்டேன். பாவம், அவர் வெள்ளந்தி. "லேசருளா. அதுதான் வேணும்னு இவுகளே கேட்டு வாங்குனாவ."

அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏளா, ஊருல சொல்லிராத. கடை போயிரும்."

"உங்களால எங்க அப்பாவுக்குக் கடலே போயிட்டு அண்ணாச்சி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். அந்த அக்காவுக்காகத்தான் சொன்னேன்: "நீங்க இருக்க வரைக்கும் யாருட்டயும் சொல்ல மாட்டேன். அப்பாட்டகூட."

ஊருக்கு வந்தவர் மறுபடியும் கண்ணாடி மாட்டிக்கொண்டார். ஒருநாள் மேஜைமேல் கழற்றி வைத்திருந்ததை எடுத்துப் பார்த்தேன். பவரே இல்லை... வெறும் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டுதான் வருகிறவர்களிடம் "லேசர் பக்கமே போயிராதிய" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அவருக்கும் அதே மாதிரி மங்கியது. அவரும் போய் அதே மெஷினில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அக்காதான் சொன்னார்.

அதாவது, அவருக்கு எல்லாம் தெரியும். முதலாளியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா திரும்பவும் கடலுக்குப் போயிருப்பார். சொல்லவில்லை. இதை நான் மன்னிக்கவே மாட்டேன். இறந்தவர் என்பதற்காகவும் மன்னிக்க மாட்டேன்.

காலையில் அப்பாவும் நானும் துஷ்டி கேட்க அவர் வீட்டுக்குப் போனோம். பெட்டிக்குள்ளும் கண்ணாடியோடுதான் படுத்திருந்தார். "கண்ணாடி இல்லாம அப்பாவுக்கு எதுவும் தெரியாதே..." என்று அவர் மகள் அழுதாள்.

வெளியே வந்ததும், தெருவின் இந்தப் பக்கம் நின்றபடியே எதிர்ச்சுவர் போஸ்டரை அப்பா வாசித்தார். அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயர் வரைக்கும்.

வீட்டுக்கு வந்து இதை டைப் பண்ணி, அப்பாவுக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். செத்தவரை விட்டுவிடு என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பேரு போட்டியா?"

"இல்லப்பா. அண்ணாச்சின்னு மட்டுந்தான்..."

"போடு."

சவரிமுத்து அண்ணாச்சி, போய்ட்டு வாங்க. நீங்க இருக்கிற வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.