இல்லாத கடைக்கு நான் சொன்ன வழி

சென்னையில் நான் மூன்று மாதம் இருந்தது உண்மை. படிக்கப் போனவன் செங்கமாரி வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, சித்தி வீட்டுக் கட்டிலில் கிடந்து உப்பில்லாக் கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதை ஊரில் சொல்ல வெட்கம். ஆகவே ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்த நாள் முதல், சென்னைச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி அளந்து தள்ளினேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பத்து வருசம் ஓடியது! இந்தியா போகிறவர்கள் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் பெட்டி கட்டினார்கள். பெயர்ப்பலகைகளில் பார்த்த கடைகளையே சொன்னதால் பிழைத்தேன்.

அறுபதுகளின் கடைசியில், எங்கள் கணக்கு வாத்தியார் மனைவியோடு சென்னைக்குப் புறப்பட்டார். அவரை நான் அண்ணை என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அக்காவின் தொண்டையில் கட்டி, அங்கே சத்திரசிகிச்சை. புறப்படுவதற்கு முதல் நாள் அக்காவே என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மாஸ்டர், வெட்டினாப் பிறகு கஞ்சித் தண்ணிதான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அதுக்கு முதல் ஒரு நேரம் வயிறாரச் சாப்பிட வேணும். உங்களுக்கு நல்லாப் பிடிச்ச கடை எது? சைவக் கடையாப் பாத்துச் சொல்லுங்கோ."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? வாய்க்கொழுப்பு விடவில்லை. பெயர்ப்பலகைக் கடைகள் அவருக்குப் போதாது என்று தோன்றியது. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் மூன்றாவது ஒழுங்கை, பச்சைக் கதவு, பலகை கிடையாது, வாழையிலையில் பதினெட்டுக் கறி என்று ஒரு கடையை நின்ற நிலையில் கட்டி முடித்தேன். அக்கா அதைக் கொப்பித் தாளில் எழுதி, மடித்து, கைப்பைக்குள் வைத்தார்.

அவர்கள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் பாதி வசனத்தில் மறந்துபோய் நின்றேன். பின்னேரங்களில் சைக்கிளில் மண்கும்பான் கடற்கரைக்குப் போவேன். போன கையோடு திரும்பி மிதிப்பேன். தந்தி அடிக்கலாமென்று தபால் கந்தோர் வாசல் வரை இரண்டு தரம் போனேன். கடை பொய் என்று எழுதிக் கொடுத்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே என்று திரும்பி வந்தேன். ஒரு மனிசியின் கடைசிச் சோற்றைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது. சீ, நானும் ஒரு மனிசன்!

இரண்டு மாதம் கழித்து வந்தார்கள். அடுத்த நாளே பார்க்கப் போனேன். அக்கா கழுத்தில் துணி சுற்றிக் கதிரையில் இருந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"மாஸ்டர், கடையைக் கண்டுபிடிக்க ஏலாமப் போச்சு. ஒழுங்கை ஒழுங்கையா நடந்தனாங்கள். இவர் வேறை கடைக்குப் போவம் எண்டார், நான்தான் விடேல்லை. பச்சைக் கதவெல்லாம் தட்டினன். கடைசியிலை ஆஸ்பத்திரிக்கு நேரமாப் போச்சு. சாப்பிடாமலே போனனாங்கள்."

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார்: "அது பறவாயில்லை. அங்கை என்னென்ன வைப்பாங்கள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன்."

இல்லாத கடையின் பந்தியை எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். இலை போடுவது முதல் ரசம் வரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரு தரம் எதையோ விழுங்குவது போலத் தொண்டை அசைந்தது.

படலை வரை அண்ணை கூட வந்தார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணை, அப்பிடியொரு கடை இல்லை. நான் புளுகினனான்."

"தெரியும். அங்கை போன உடனையே ஆக்களிட்டை விசாரிச்சனான். அவவின்ரை முகத்தைப் பாத்திட்டுச் சொல்ல மனம் வரேல்லை. கூட நடந்தனான்." படலையில் கை வைத்தார். "உமக்குச் செவிட்டைப் பொத்தி ஒண்டு விடவேணும் எண்டுதான் கப்பலிலை வரேக்கை நினைச்சனான்."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணை படலையைத் திறந்துவிட்டார்.

"நாளைக்கும் வாரும். அவவுக்கு இனிப்பெண்டால் உயிர். பாயாசத்திலை துவங்கும்."