மஸாஹிர் மைதானத்தில் இறங்கும்போது

"ஆ… ஆ… ஆ…"

கூடத்துத் தொலைக்காட்சியிலிருந்து ஆயிரக்கணக்கான தொண்டைகளின் சத்தம் குசினிவரை வந்தது. றுக்கியா இடியப்ப உரலை மாவோடு அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

"என்ட புள்ள இறங்குறான்! நப்லா, சத்தத்தக் கூட்டு புள்ள!"

நப்லா கூட்டவில்லை. தன் தொலைபேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, கனடாவில் இரவு விளக்குகளின் கீழ் நடக்கும் ஆட்டத்தைக் கல்பிட்டிக் கரையில் சனிக்கிழமைக் காலையில் உம்மாவுக்குக் காட்டுவது அவள்தான். திரையில், ஓரமாக நின்ற ஒரு நெட்டை மனிதன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடி வந்தான். முட்டைபோல நீண்ட பந்தை வாங்கினான். ஒரே உதை. பந்து வானத்தில் மறைந்தது. அவன் மறுபடி ஓரத்துக்கே ஓடிவிட்டான்.

"மாஷா அல்லாஹ்! அவனக் கண்டதும் சனமெல்லாம் எப்பிடிச் சத்தம் போடுது பாத்தியா, முபாரிஸ்?"

கதிரையில் தேநீரோடு இருந்த முபாரிஸ், றுக்கியாவின் மூத்த சகோதரன், நானாவின் மகன். மஸாஹிர் இருக்கும் அதே பனி நகரத்தில் வளர்ந்தவன், விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் வாயைத் திறக்கப் போனான். நப்லா கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் தேநீரைக் குடித்தான்.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்ட குடும்பம் அது. அடுத்த வருடம், அகதி முகாமின் கிடுகுக் கொட்டில் ஒன்றில் மஸாஹிர் பிறந்தான். வாப்பா கடலோடு போய்ச் சேர்ந்தார். பிள்ளை ஓட்டத்தில் ஆமை. பந்துக்காக உயிரை விடும் இந்தக் கரையில் அது சிறிய குறையல்ல. ஆகவே கோல் காக்க நிறுத்தினார்கள். பிடித்த பந்தைக் கையிலிருந்து விட்டு மறுகரைக்கு உதைக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் உயர உதைத்த பந்து உதைத்தவனிடமே திரும்பி வந்துவிடும். எத்தனையோ கோல்களைத் தனக்குத் தானே வாங்கி, அழுது, காற்றுக்குக் கீழால் பந்தைச் செருகி அனுப்பும் வித்தையை அவன் கண்டுபிடித்தான்.

பதின்மூன்று வயதில் மாமா, முபாரிஸின் வாப்பா, அவனைத் தன்னோடு கனடாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே பாடசாலையில் அவனை எந்த அணியிலும் சேர்க்கவில்லை. ஒரு நாள் பக்கத்து மைதானத்திலிருந்து நீளப் பந்தொன்று உருண்டு வந்தது. எடுத்துத் திருப்பி உதைத்தான். அது பயிற்றுநரின் தலைக்கு மேலால், உடுப்பு மாற்றும் கட்டடத்துக்கும் மேலால் போய் எங்கோ விழுந்தது. அன்று தொடங்கியதுதான் அவனுடைய தொழில். யுத்தம் முடிந்து சில வருடங்களாகியும், மன்னாருக்குத் திரும்புவதா இங்கேயே இருப்பதா என்று சனம் தடுமாறிய காலத்தில், அவன் அனுப்பிய பணத்தில்தான் றுக்கியா கிடுகை நீக்கி ஓடு போட்டாள்.

தொழிலின் பெயர் பண்டர். அதன் சோகத்தை ஊரில் நப்லா ஒருத்தியே அறிவாள்.

அந்த விளையாட்டில் பந்தை முன்னே கொண்டுபோக ஓர் அணிக்கு மூன்று வாய்ப்புகள். முதல் இரண்டிலும் தோற்றுவிட்டால், இனி நம்மால் ஆகாது என்று பந்தை எதிரிக்கே கொடுத்துவிட வேண்டும். கொடுப்பதைக் கொஞ்சம் தூரமாகக் கொடுக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் மஸாஹிர். தோழர்கள் தோற்றால் மட்டுமே அவனுக்கு அழைப்பு. பத்து வருடங்களாக ஒரு நகரமே அவனைக் கண்டு பெருமூச்சு விட்டுவருகிறது. அவன்மேல் யாருக்கும் கோபமில்லை. ஆம்புலன்ஸைக் கண்டு யார்தான் கைதட்டுவார்கள்?

அந்தப் பெருமூச்சைத்தான் பெற்றவள் ஆரவாரம் என்று நம்பினாள்.

நம்பியதோடு விட்டாளா! மகனைக் கொஞ்ச நேரம்தான் விளையாட விடுகிறார்கள் என்று மனம் நொந்து, மூன்று வருடங்களாக ஒவ்வொரு வியாழன் பின்னேரமும் ஒழுங்கையில் குடியிருக்கும் பெண்களைக் கூட்டி யாஸீன் ஓதி, "றப்பே, என்ட புள்ளய அடிக்கடி இறக்கு" என்று துஆக் கேட்டாள். படைத்தவன் கேட்டதைக் கொடுத்தான். அந்த அணி மூன்று வருடங்களாகத் தோற்றுக்கொண்டே இருந்தது. நாட்டிலேயே அதிக தடவை பந்தை உதைத்தவன் மஸாஹிர் என்று சென்ற வருடம் அங்கே ஒரு பத்திரிகை எழுதியது. றுக்கியா ஒழுங்கை முழுவதும் பாற்சோறு பங்கிட்டாள்.

இன்று பருவத்தின் கடைசி ஆட்டம். இதன் பிறகுதான் மஸாஹிரின் கொந்தராத்தைப் புதுப்பிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது தெரியும். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வேறு கைத்தொழில் தெரியாது. கால் ஒன்றுதான் முதல்.

பக்கத்து வீட்டு லெய்லா சம்பல் கோப்பையோடு உள்ளே வந்தாள்.

"எத்தின தரம் இறங்கினான் ராத்தா?"

"ஆறு, ஏழு இருக்கும்."

"போதாதே! இன்னம் ரெண்டு மூணு தரம் இறங்கினாத்தான் கொந்தராத்து நிச்சயம். இப்பவே ஒரு யாஸீன் ஓதுவமா?"

முபாரிஸால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அல்லாவுக்காக ஓதாதீங்க மாமி!"

"மச்சான்!" என்றாள் நப்லா.

"என்ன மச்சான்? அங்க ஒரு ஊரே அழுது. எங்கட ஆக்கள் தோத்தாத்தான் மஸாஹிர் இறங்குவாரு. வெண்டா இறங்கத் தேவையே இல்ல."

றுக்கியா மாவுக் கையோடு நின்றாள். "அப்ப அந்தச் சனம் சத்தம் போடுறது?"

"அது சந்தோஷத்துல இல்ல மாமி. 'ஐயோ, திரும்பவும் இவனா' எண்டு."

லெய்லா சம்பல் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நாங்க மூணு வருஷமாக் கனடாக்காரனுக்குச் சூனியமா செஞ்சிருக்கம்?"

றுக்கியா சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் உம்மா."

"ஏன் சொல்லல்ல?"

"அந்தச் சத்தத்தக் கேட்டா ஒங்கட முகம் எப்பிடி இருக்கும் எண்டு நீங்க பாத்ததில்ல. நான்தான் பாத்திருக்கன்."

றுக்கியாவின் கண்ணீர் மாவு ஒட்டிய கையில் விழுந்தது. குசினிக்குப் போய், கையைக் கழுவி, வுழூச் செய்து, முசல்லாவை விரித்து இரண்டு றக்அத் தொழுதாள். நெடுநேரம் கையேந்தி இருந்தாள். திரும்பி வந்தபோது முபாரிஸ் பயந்து பயந்து கேட்டான்.

"இப்ப என்ன மாமி கேட்டீங்க?"

"அவனும் இறங்கணும். அவங்களும் வெல்லணும்."

"ரெண்டும் ஒண்டா நடக்காது மாமி. அந்த விளையாட்டு அப்பிடி."

"ஒன்னயா கேட்டன்?"

ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தன. இரு பக்கமும் சமம். மஸாஹிரின் தோழர்கள் வழக்கம்போல இரண்டு முறையும் தோற்றார்கள். கம்பங்களுக்கு நடுவால் பந்தை அடித்துப் புள்ளி எடுக்கவும் முடியாத தூரம்.

"ஆ… ஆ… ஆ…"

மஸாஹிர் ஓடி வந்தான். இம்முறை றுக்கியாவின் முகம் மலரவில்லை. அந்தப் பெருமூச்சு என் பிள்ளைக்கா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மைதானத்துக் கொடிகள் அவனை நோக்கியே படபடத்தன. எதிர்க்காற்று! முகாம் பொடியனுக்கு அதைவிடப் பழகிய எதிரி யார்? உயர உதைக்கவில்லை. காற்றுக்குக் கீழால் செருகி விட்டான். பந்து தாழப் பறந்து, எதிரியின் கடைசிக் கோட்டையும் தாண்டி விழுந்து உருண்டது. அதைப் பிடித்த எதிரணிக்காரன் கோட்டுக்கு வெளியே வருவதற்குள் மடக்கப்பட்டான்.

முபாரிஸ் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினான். "ஒரு புள்ளி! அதுக்குள்ள மடக்கினா ஒதச்ச பக்கத்துக்கு ஒரு புள்ளி! வெண்டுட்டம் மாமி!"

தொலைக்காட்சி அதிர்ந்தது. மைதானமே எழுந்து நின்று கத்தியது. றுக்கியா மகளின் கையைப் பற்றினாள்.

"ஏன் புள்ள இப்பிடிக் கத்துறாங்க? அவனுக்கு ஏதும் பட்டுட்டா?"

"இதுதான் உம்மா சந்தோஷச் சத்தம்" என்றாள் நப்லா. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அடுத்த புதன்கிழமை முபாரிஸ் விடைபெற வந்தான். மச்சான் மஸாஹிருக்குக் கொண்டுபோகக் கருவாடும் தொதல் இனிப்பும் கட்டித் தயாராக இருந்தன. அவன் முகம் சரியில்லை.

"மச்சான்ட கொந்தராத்தப் புதுப்பிக்கல்ல மாமி."

"வெண்டு குடுத்தானே!"

"அதாலதான். அங்க ஆகக் கடைசியா வாற டீம்தான் அடுத்த வருஷம் புதுப் பொடியன்கள்ள முதல் ஆளத் தெரிவு செய்யலாம். எங்கட ஆக்கள் அதுக்காகக் கடைசியாவே இருக்க நெனச்சாங்களாம். மச்சான்ட ஒரு புள்ளியால ஒரு படி மேல போயிட்டாங்க. கைதட்டிட்டு, வீட்டுக்குப் போ எண்டுட்டாங்க."

றுக்கியா பொட்டலத்தின் முடிச்சை இறுக்கினாள். இரண்டையும் கேட்டாள், இரண்டும் கிடைத்தன. மூன்றாவது ஒன்று கேட்க வேண்டும் என்று யார் கண்டது?

"இனி என்ட புள்ள என்ன செய்வான்?"

"நேத்து ராவு வேற ஒரு டீம் கூப்பிட்டிருக்கு. அண்டைக்கி மச்சான் தோக்கடிச்சாரே, அவங்கதான். இப்ப அவங்கதான் கடைசி." முபாரிஸ் தயங்கினான். "சந்தோஷப்பட ஒண்டும் இல்ல மாமி. நாட்டிலயே ஆக மோசமான டீம்."

றுக்கியாவின் கை முடிச்சிலேயே நின்றது.

"ஆக மோசமா?"

"ஆக மோசம். பந்த ஒரு முழம் முன்னுக்குக் கொண்டுபோகத் தெரியாது."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் அவள். "அப்ப புள்ளக்கிக் கை நிறைய வேல இருக்கும்."

முபாரிஸ் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். வாசலில் செருப்பை மாட்டியவன் திரும்பினான்.

"அந்த டீமுக்கு என்ன துஆக் கேக்கப்போறீங்க மாமி? எனக்கு மட்டும் சொல்லுங்களன்."

"போடா. கொழும்பு பஸ்ஸ உட்டுடுவாய்."

ஒழுங்கையில் மழைத் தூறல் தொடங்கியிருந்தது. பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி அவன் வளைவு திரும்பும்வரை றுக்கியா நின்று பார்த்தாள். பிறகு, சுவரில் மாட்டியிருந்த முசல்லாவைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.