வேற ஊட்டுப் புள்ள

மஞ்சள் காட்டுக்கு அடித்த பூச்சிமருந்துதான் தன் மார்பில் கட்டியாக வந்து உட்கார்ந்துகொண்டது என்று சத்தியமங்கலம் நாச்சியம்மாள் நம்பினாள். கோயமுத்தூர் டாக்டரம்மா அதைத் தள்ளிவிடவில்லை.

"மருந்துக்கும் பங்கு இருக்கலாமுங்க. ஆனா ரத்தப் பரிசோதனையில பரம்பரையா வர்ற மரபணுக் கோளாறும் தெரியுது. உங்க சொந்தத்துல வேற யாருக்காச்சும் இந்தப் புற்றுநோய் வந்துச்சுங்களா?"

"எங்கூட்டுல யாருக்கும் இல்லீங்க."

"அப்பாகூடப் பொறந்தவங்க?"

"அத்தைங்க ரெண்டு பேரும் இதுலதான் போனாங்க. அவங்க கட்டிக்குடுத்துப் போனவங்கதானுங்களே, வேற ஊடுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. தாலி ஏறியதும் அத்தைகளுக்குக் குலசாமி மாறியது, ரத்தம் மாறவில்லை.

மகனையும் மகளையும் சோதித்துவிடச் சொல்லி டாக்டரம்மா அனுப்பினார். பஸ்ஸில் கணவர் சுப்பண்ணன் தணிந்த குரலில் சொன்னார்: "தீபக்கை மட்டும் கூட்டிட்டுப் போலாம். கனிஷ்கா வேற ஊட்டுப் புள்ள. மாமியாரூட்டுல தெரிஞ்சா அவ பொழப்புப் போயிரும்."

நாச்சியம்மாள் ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளுக்குப் போன் போட்டாள்.

"கண்ணு, ஒரு ரத்தப் பரிசோதனை இருக்குது, கோயமுத்தூர் வா. உங்க மாமியாரையும் கூட்டிட்டு வா. நீ இன்னும் எங்கூட்டுப் புள்ளதான்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க."