ஆண்டகைக்கு வாங்கிய பற்றரி

யோசெப்பினின் வீட்டில் ஆண்டகை என்பது ஒரு மீன். கறுத்த உடம்பில் செம்மஞ்சள் தீற்றல் விழுந்த, முழங்கை நீள ஒஸ்கார் மீன். தொட்டிக்குள் அது திரும்பும் தோரணையைப் பார்த்துத்தான் கத்தோலிக்க ஆயரான மேற்றிராணியாருக்குரிய மரியாதைப் பெயரை யோசெப்பின் அதற்கு வைத்தாள். கோயில் சனம் முகம் சுளித்தது. "ஒருக்கா வந்து ஆளைப் பார்த்திட்டுக் கதையுங்கோ" என்றாள். வந்து பார்த்தவர்கள் தாங்களும் ஆண்டகை என்றே கூப்பிடத் தொடங்கினார்கள்.

பகலில் அந்தக் குளிர்நாட்டு நகரத்தின் ஜான்-டலோன் சந்தையில் மீன் வெட்டுகிறவள், மாலையில் அதே கையால் மீனுக்கு இரை போட்டாள். தொண்ணூற்றெட்டில், விழுந்ததும் உறையும் ஐஸ் மழையில் கம்பிகள் அறுந்து கரண்ட் போய், அன்றிருந்த மீன்களெல்லாம் காற்றும் சூடும் இல்லாமல் செத்து மிதந்தன. அந்தக் கோபம் அவளுக்கு ஆறவேயில்லை. ஆண்டகை வந்த கையோடு, காற்றுப் பம்பையும் ஹீட்டரையும் ஓட்டக்கூடிய பெரிய பற்றரிப் பெட்டியொன்றை வாங்கித் தொட்டிக்கடியில் வைத்தாள். அதை யாரும் தொடக்கூடாது. தூசு தட்டுகிறேன் என்று, பற்றிக் என்ற அவள் புருசன்கூடத் தொடக்கூடாது.

பற்றிக்குக்கு ஒரு வியாதி இருந்தது. கோயிலுக்கு என்று யாராவது கேட்டால் 'இல்லை' என்ற சொல் அவன் வாயில் வராது. கதிரைகள் போயின, அண்டா போனது, ஒருமுறை அவளுடைய கூறைச்சீலையே நாடக மேடைக்குத் திரையாகப் போய்ச் சாம்பிராணி மணத்தோடு திரும்பி வந்தது.

இரண்டாயிரத்து ஐந்தில், நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாரம் முந்திய சனிக்கிழமை பின்னேரம் மறுபடி ஐஸ் மழை. யோசெப்பின் சந்தையிலிருந்து வந்தபோது தெருவே இருட்டு. வெளிப்படிக்கட்டில் கம்பியைக் கட்டிப்பிடித்து ஏறி உள்ளே போனாள். தொட்டியில் குமிழி இல்லை. ஆண்டகை மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. தொட்டிக்கடியில் கையை விட்டாள். வெறும் தரை.

"எங்கையப்பா பெட்டி?"

பற்றிக் மெழுகுதிரியைப் பார்த்துச் சொன்னான்: "கோயில் பாட்டுக்குழுச் சந்தியாப்பிள்ளை அண்ணை கேட்டவர். வீடு வீடாய்ப் போய்ப் பாடுற கரோலுக்கு, ஸ்பீக்கர் பூட்ட."

"அவர் கேட்டவர். நீங்கள்?"

"கோயில் விசயம். எப்பிடி மாட்டன் எண்டுறது?"

"வாயைத் திறந்து எண்டுறது! அங்கை பாருங்கோ, ஆண்டகை திறக்கிறார். அப்பிடி!"

ஒரு செம்பை அவன் கையில் திணித்தாள். "தண்ணியை அள்ளி உயரத்திலயிருந்து ஊத்துங்கோ. அப்பதான் அதுக்குள்ள காத்துப் போகும். நான் வருமட்டும் கை நிக்கப்படாது."

அவள் இறங்கிய வேகத்தில் படிக்கட்டு ஐஸ் உருகி ஓடியது என்று அவர்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் இன்றைக்கும் சொல்கிறார்கள். தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இருளில் செத்துக்கிடந்த தெருவில் ஒரே ஒரு வீடு மட்டும் கரோல் பாட்டில் அலறிக்கொண்டிருந்தது.

உள்ளே சிவப்புத் தொப்பிகளுக்கு நடுவில் சந்தியாப்பிள்ளையர் மைக்கைப் பிடித்திருந்தார். "பாத்தியளே, ஊரெல்லாம் இருட்டு, எங்கட கரோலுக்கு மட்டும் கரண்ட்! பாலன் யேசுவின்ர அற்புதம், புதுமை!"

"புதுமையுமில்லை, பழமையுமில்லை. என்ர பற்றரி." வயரைப் பிடித்து இழுத்தாள். பாட்டு பாதிச் சொல்லில் அறுந்தது. பெட்டி ஈனமாக ஒருமுறை கீச்சிட்டுச் சிவப்பு விளக்கையும் அணைத்துக்கொண்டது. சார்ஜ் ஒரு சொட்டும் மிச்சமில்லை.

"தங்கச்சி, ஒரு மீனுக்காகவே பாலன்ர பாட்டை நிப்பாட்டினனீர்? கடையில எத்தினையை வெட்டுறீர்!"

"வெட்டுறன் அண்ணை. ஒரே வெட்டு, முடிஞ்சுது. மூச்சுத் திணற விட்டிட்டுப் பக்கத்தில நிண்டு பாட்டுப் படிக்கிறேல்லை. பற்றரியைக் குடிச்சு முடிச்சது நீங்கள்தானே, இனிக் காத்துக் குடுக்கிறதும் நீங்கள்தான். எழும்புங்கோ எல்லாரும்!"

அந்தக் குரலுக்கு எழும்பாமல் இருந்தவர் யாருமில்லை.

கரோல் கூட்டம் முழுவதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தது. அவர்களுடைய குளிர்க்கோட்டுகளையே கழற்றி வாங்கித் தொட்டியைச் சுற்றிப் போர்த்தாள். குழாயில் எஞ்சியிருந்த சுடுதண்ணீரைப் போத்தல்களில் அடைத்து மிதக்கவிட்டாள். ஆள் மாறி ஆள் செம்பால் அள்ளி ஊற்றினார்கள். யாரோ மெல்ல ஒரு பாட்டை முணுமுணுத்தார்கள். "வாய் வேண்டாம், கையை ஆட்டுங்கோ" என்றாள். சந்தியாப்பிள்ளையரின் முறை வந்தபோது, மூச்சுத் தேறிய ஆண்டகை அவருடைய மோதிர விரலையே கவ்வியது. அவர் போட்ட சத்தத்துக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

கடைசியில் கரண்ட் வந்து குளிர்ப்பெட்டி உறுமியது, தொட்டியில் குமிழி கிளம்பியது. ஆண்டகை ஒரு சுற்றுச் சுற்றித் தன் பழைய இடத்தில் போய் நின்றது.

விரலில் துணி சுற்றிக்கொண்டே சந்தியாப்பிள்ளையர் சொன்னார்: "நல்லதாப் போச்சு. பெட்டியைச் சார்ஜில போடும் தங்கச்சி. நாளைக்கு இன்னும் கொஞ்ச வீடு கிடக்கு."

"அதுக்கென்ன அண்ணை..." என்று பற்றிக்கின் வாய் தானாகத் திறந்தது.

"ஓம், கொண்டுபோங்கோ" என்றாள் யோசெப்பின். "ஆனா பெட்டி போற இடத்துக்கு ஆண்டகையும் தொட்டியோட வருவார். இப்பவே தூக்குங்கோ."

அவர் தொட்டியைப் பார்த்தார், வெளியே ஐஸ் பிடித்த படிக்கட்டைப் பார்த்தார், தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கரோல் வெறும் தொண்டையில் நடந்தது.

பற்றரிப் பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டினாள் யோசெப்பின். அந்தப் பூட்டின் திறப்பை ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, தொட்டிக்குள்ளேயே ஒரு கல்லுக்கடியில் வைத்தாள். எடுக்க வேண்டுமென்றால் பற்றிக் ஆண்டகையிடம்தான் கேட்கவேண்டும்.