லூர்தம்மாள் டீச்சரின் மூன்று ஞாயிறுகள்

லூர்தம்மாள் டீச்சர் இறந்துவிட்டார் என்று முந்தாநாள் காலை வேம்பார் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். விடுப்பில் தாயின் கல்லறைக்குப் போனவர், அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். தூத்துக்குடியில் பதினோரு ஆண்டுகள் அடுத்தடுத்த வகுப்பில் பாடம் நடத்தியவர்கள் நாங்கள். அவரைக் கல்நெஞ்சக்காரி என்று சொன்னவர்களும் நேற்று அடக்கத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

டீச்சரின் தகப்பனார் முத்துக்குளிக்கப் போய்த் திரும்பாதவர். அவர் இறந்த சில மாதத்தில், அவருடைய அண்ணன் மிக்கேல் ஒரு நடுராத்திரியில் தம்பி மனைவியின் கதவைத் தட்டினார். அந்த அம்மாள் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் தாயின் சேலையைப் பிடித்தபடி எட்டு வயது மகளும் நின்றிருந்தாள். மறுவாரமே, தம்பி மனைவிக்கு நடத்தை சரியில்லை என்று மிக்கேல் ஊரெல்லாம் சொன்னார். ஊரும் நம்பியது. அந்த அம்மாள் கிணற்றில் விழுந்தார். தற்கொலை என்பதால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். மகளை அநாதை மடத்தில் விட்டுவிட்டு மிக்கேல் அந்த வீட்டில் குடியேறினார்.

உலக யுத்தம் முடிந்த வருஷம் டீச்சர் அந்த வீட்டுக்குப் போனார். துணைக்கு நான். கோயில் திருவிழாவில் கொடி பிடிக்கும் பெரிய மனிதராக மிக்கேல் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

“அன்னைக்குக் கதவத் தட்டினது யாருன்னு ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல நீங்களே சொல்லணும், பெரியப்பா. இல்லைன்னா நான் சொல்லுவேன்.”

“ஏளா, வயசான காலத்துல என்னைய அசிங்கப்படுத்தாத.”

“எங்கம்மைக்கு வயசாகவே விடலையே நீங்க.”

அவர் வரவில்லை. டீச்சர் சொன்னார். குரலை உயர்த்தாமல், வகுப்பில் சரித்திரம் நடத்துவதுபோலச் சொன்னார். அடுத்த ஞாயிறும் சொன்னார். “போதும் டீச்சர், சாமி பாத்துக்கிடும்” என்றார் ஒரு பெண். “இருபது வருஷமா பாத்துக்கிட்டுத்தான இருந்துச்சு” என்றார் டீச்சர்.

மூன்றாம் ஞாயிறு, மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மிக்கேல் வந்தார். “நாந்தான் தட்டுனேன். அவ தெறக்கல. நான் சொன்னதெல்லாம் பொய்” என்றார். காலில் விழக் குனிந்தார். டீச்சர் விலகிக்கொண்டார்.

அந்த மாதமே தாயின் எலும்புகள் சுவருக்கு உள்ளே வந்தன. மிக்கேலைக் கொடி பிடிக்க அதன்பின் யாரும் அழைக்கவில்லை. சாகக் கிடந்தபோது டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று பலமுறை ஆள் விட்டார். டீச்சர் போகவில்லை. நான்கூடச் சொல்லிப் பார்த்தேன்.

“மன்னிக்கணும்னா எங்கம்மைதான் மன்னிக்கணும். அவளுக்குப் பதிலா நான் கையெழுத்துப் போட முடியாது.”

அன்று எனக்கு அது கொடுமையாகப் பட்டது. இன்று படவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்விதான். ஒரு மாணவியைப் பற்றியோ அவள் தாயைப் பற்றியோ “ஊரே சொல்லுது” என்று யார் வந்தாலும், “முதல்ல சொன்னது யாரு?” என்று கேட்கிறேன். பெயரைச் சொல்லும்வரை அவர்களை உட்காரச் சொல்வதில்லை.